அடிக்கடி வரும் தொண்டை வலி குழந்தையின் பலவீனம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் குழந்தைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வரும் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்றும், துளசி, அதிமதுரம், மஞ்சள் கலந்த பானங்களைத் தொடர்ந்து கொடுத்துவந்தால் மாத்திரைக்கும் ஊசிக்கும் அவசியமே இருக்காது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கேரள மலையிலுள்ள எங்கள் வண்டிப்பெரியார்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் தமிழ் நாளிதழின் ஒரு பிரதி டீக்கடையில் தொடங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகக் கைமாறும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான் சுற்றியது. கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "சத்தான சாப்பாடு கொடுக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் என் பிள்ளைக்கு மாதத்துக்கு ஒரு தடவை தொண்டை வீங்குகிறதா அக்கா?" என்று கேட்டு அழுதார். அவர் அழ வேண்டியதே இல்லை. ஊசிக்கு அவசியம் இருக்காது என்ற அந்த ஒரு வரியோ, எங்கள் மலையில் சில பிள்ளைகளின் இதயத்தையே கெடுத்துவிடக்கூடியது. இவ்விரண்டையும் சொல்லவே இந்த நீண்ட கடிதத்தை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. எஸ்டேட் லயத்தில் பிறந்து, மதுரையில் ஆய்வகப் பயிற்சி முடித்து, குமுளியிலும் மலைக்குக் கீழே கம்பத்திலும் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூட்டு வீங்கி நடக்க முடியாத பிள்ளைகளை அப்பாக்கள் தோளில் தூக்கிவருவார்கள். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தை எடுத்து ஏ.எஸ்.ஓ. சோதனை செய்வது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அண்மையில் ஸ்டிரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தாக்கியிருக்கிறதா என்பதற்கு இரத்தம் தரும் சாட்சி அந்தச் சோதனை. அப்படி வந்தவர்களில் சோம்பிய பிள்ளைகளும் உண்டு, நன்றாக ஓடியாடிக் கொழுகொழுவென்று இருந்த பிள்ளைகளும் உண்டு. ஒல்லியான பிள்ளைக்குத்தான் வரும் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், சில நாளில் தானாகப் போய்விடும். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. சுக்குக் காப்பியோ மஞ்சள் பாலோ கொடுத்தால் பிள்ளைக்கு இதமாக இருக்கும், கொடுக்கட்டும். நான் கவலைப்படுவது இன்னொரு வகையைப் பற்றி. திடீரென்று காய்ச்சல் ஏறும். எச்சில் விழுங்க முடியாது. இருமலும் சளியும் இருக்காது. வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் சிவந்து வீங்கி, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிக்கும். ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே இருக்கும் பிள்ளைக்கு இப்படி வந்தால், அது ஸ்டிரெப்டோகாக்கஸ் பயோஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கிருமியை நம் உடல் எதிர்க்காமல் இருப்பதில்லை. இரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் சில புரதங்கள், அந்நியப் பொருளைக் கண்டால் சில நிமிடங்களிலேயே அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நிரப்புப் புரதங்கள் என்று பாடப் புத்தகங்களில் சொல்வார்கள். அவை ஒட்டிய இடம்தான் வெள்ளணுவுக்கு அடையாளம். அடையாளம் விழுந்த கிருமியை வெள்ளணு பிடித்து விழுங்கிச் செரித்துவிடும். பெரும்பாலான கிருமிகள் நமக்குத் தெரியாமலேயே இப்படித்தான் அழிகின்றன. எங்கள் லயத்துப் பிள்ளைகளின் உடலிலும் இந்த ஏற்பாடு குறைவின்றி இருக்கிறது.

ஆனால் ஸ்டிரெப்டோகாக்கஸின் வெளிச்சுவரில் நுண்ணிய இழைகளாக ஒரு புரதம் முளைத்து நிற்கிறது. அதன் பெயர் எம் புரதம். இரண்டு இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவம். நீளம் ஏறத்தாழ 60 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறிய இழைதான் இந்தக் கிருமியை வெள்ளணுவின் வாயிலிருந்து காப்பாற்றுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1918இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு, மறைக்கவில்லை. எங்களைப் போலக் குழாயையும் தட்டையும் கழுவும் வேலையிலிருந்து தொடங்கியவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். இராணுவ முகாம்களில் வீரர்களைத் தாக்கிய ஸ்டிரெப்டோகாக்கஸ் மாதிரிகளை வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே கிருமியா அல்லது வெவ்வேறா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. 1928இல் எம் புரதத்தைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். 1933இல் ஸ்டிரெப்டோகாக்கஸ்களை ஏ, பி, சி என்று பிரிக்கும் முறையைக் கொடுத்தார். இன்றும் உலகம் முழுவதும் ஆய்வகங்கள் அந்தப் பிரிவுகளைத்தான் பயன்படுத்துகின்றன. மனித இரத்தத்தில் கிருமியைக் கலந்து வைத்தால், எம் புரதம் உள்ளது பெருகுகிறது. அது இல்லாதது வெள்ளணுக்களிடம் அழிகிறது. அந்தக் குறிப்பிட்ட எம் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை, அதாவது அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள உடல் செய்யும் புரதத்தை, சேர்த்தாலோ, எம் புரதம் உள்ள கிருமியும் தப்புவதில்லை. இந்த எளிய சோதனையிலேயே எல்லாக் கதையும் அடங்கியிருக்கிறது.

எம் புரதம் எப்படிக் காப்பாற்றுகிறது என்பது பின்னால் வந்தவர்களின் உழைப்பில் தெரியவந்தது. நம்முடைய சொந்த அணுக்களின் மேல் நிரப்புப் புரதங்கள் தவறுதலாக ஒட்டிவிடாமல் இருக்க, இரத்தத்தில் எச் காரணி என்ற தடுப்புப் புரதம் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் அடையாளம் விழாது, விழுந்தாலும் சிதைக்கப்பட்டுவிடும். ஸ்டிரெப்டோகாக்கஸ் தன் எம் புரதத்தால் நம் எச் காரணியையே பிடித்து இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. குமுளி செக்போஸ்ட்டில் காவலர் சீருடையையே மாட்டிக்கொண்டு நிற்கும் கடத்தல்காரனை யார் நிறுத்திக் கேட்பார்கள்? வெள்ளணுவின் நிலைமை அதுதான். எச் காரணி மட்டுமல்ல. அதே தடுப்பு வேலையைச் செய்யும் சி4பிபி என்ற இன்னொரு புரதத்தையும், இரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜெனையும் எம் புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன. எந்த வகை எதைப் பிடிக்கும் என்பது மாறும். இது போதாதென்று அதே கிருமியின் மேற்பரப்பில் இன்னொரு புரதமும் இருக்கிறது: வெள்ளணுக்களைக் காயத்தின் இடத்துக்கு அழைக்கும் சி5ஏ என்ற இரசாயனச் செய்தியை வெட்டிப்போடும் நொதி அது. அழைப்பே போய்ச் சேராவிட்டால் வெள்ளணு எப்படி வரும்?

இப்படிச் செய்வது ஸ்டிரெப்டோகாக்கஸ் மட்டுமல்ல. கேரளத்தில் ஒவ்வொரு மழைக்கும் அச்சுறுத்தும் எலிக்காய்ச்சலின் கிருமியான லெப்டோஸ்பைராவும் தன் வெளிப்புரதங்களால் எச் காரணியைப் பிடிக்கிறது. சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், புரதம் ஏ என்ற ஒன்றை வைத்து நம் ஆன்டிபாடிகளை வால் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக நிறுத்திவிடுகிறது. வெள்ளணு பற்றிக்கொள்ள வேண்டிய முனை கிருமியின் பக்கம் திரும்பிவிடும். ஏலத்தோட்டத்தில் ஈரத்திலேயே நின்று கால் இடுக்கில் புண்ணோடு வரும் பெண்களிடம் இதை நான் விளக்கியதுண்டு. "அப்போது இது என் உடம்பு வாகு இல்லையா?" என்று அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, பிள்ளைக்கு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வி. ஒரு தடவை வந்து குணமானதும் உடல் அந்த எம் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்து வைத்துக்கொள்கிறது. அது பல ஆண்டுகள் நீடிக்கும். லான்ஸ்ஃபீல்டே இதைக் காட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த ஒரு வகைக்குத்தான். எம் புரதத்தின் வெளி முனை கிருமிக்குக் கிருமி மாறுகிறது. இதுவரை 200க்கும் மேற்பட்ட வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது என்னவென்றால், அந்த முனையின் அமைப்பு இவ்வளவு மாறியும் பல வகைகள் சி4பிபியைப் பிடிக்கும் வேலையை மட்டும் விடவில்லை. ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாத அளவுக்குத் தோற்றம் மாறும், பிடி மாறாது. ஆகவே சென்ற மாதம் ஒரு வகையை வென்ற பிள்ளை, இந்த மாதம் இன்னொரு வகையிடம் மாட்டிக்கொள்கிறது. இதில் பிள்ளையின் குறை எங்கே இருக்கிறது, தாயின் குறை எங்கே இருக்கிறது?

குறை இருக்கும் இடத்தை நான் சொல்கிறேன். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, அதில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை படுத்துறங்கும் லயங்கள். பல தோட்டங்கள் மூடப்பட்ட பிறகு ஓடு மாற்றக்கூட ஆளில்லாமல் ஒழுகும் கூரைகள். சாரல் பிடித்தால் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு எல்லாரும் ஒரே மூச்சுக்காற்றில் கிடக்க வேண்டிய நிலை. இந்தக் கிருமி இருமலிலும் தும்மலிலும் எச்சிலிலும் பரவுவது. நெருக்கம்தான் அதற்கு வேண்டும். இந்தக் கிருமியால் பின்னர் வரும் ருமாட்டிக் காய்ச்சல் உலகில் எந்த நாட்டிலும் குறைந்ததற்கு வீடுகள் விசாலமானதும் பெனிசிலின் கிடைத்ததும் பெரிய காரணங்கள். கட்டுரை எழுதியவர் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்று தாய்க்குச் சொன்னார். லயத்தின் கூரையைச் சரிசெய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகங்களுக்கும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தொண்டை வலி போன பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, சில பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கும். அது வடிந்து கணுக்காலுக்குப் போகும், பிறகு மணிக்கட்டுக்கு. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். வாதக்காய்ச்சல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இந்த வீக்கத்தின்போது மூட்டில் கிருமி இருக்காது. எம் புரதத்தின் முறுக்கிய இழையும், நம் இதயத் தசையில் இருக்கும் மயோசின் போன்ற புரதங்களும் அமைப்பில் ஒத்திருக்கின்றன. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட ஆன்டிபாடிகளும் வெள்ளணுக்களும் அந்த ஒற்றுமையால் ஏமாந்து நம் இதயத்தையே தாக்குகின்றன. மூட்டு வலி தடயமில்லாமல் போய்விடும். இதயத்தின் வால்வில், குறிப்பாக இடப்பக்கத்து மைட்ரல் வால்வில், விழுந்த தழும்பு போகாது. ஒவ்வொரு தடவை அதே கிருமி வரும்போதும் தழும்பு இன்னும் தடிக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாததால் வரும் நோய் அல்ல இது. உடல் எதிர்க்கும்போதே வரும் நோய். அதைக் கூட்டுங்கள் என்று சொல்லும் அறிவுரை இங்கே எந்த வகையில் உதவும் என்று கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

இன்னொரு வடிவமும் உண்டு. ஆசிரியர்கள் இதைக் கேட்க வேண்டும். தொண்டை வலி போய்ச் சில மாதங்கள் கழித்தும்கூட, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளைக்குத் திடீரென்று கையெழுத்து கோணலாகும், கையும் முகமும் அவள் கட்டுப்பாடில்லாமல் துள்ளும், டம்ளரைக் கீழே போடுவாள், காரணமின்றி அழுவாள். அடக்கமில்லாதவள் என்று வகுப்பில் அடி விழும். வீட்டில் காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அதுவும் ருமாட்டிக் காய்ச்சலின் வேலைதான். கொரியா என்று அதற்குப் பெயர். மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும், ஆனால் அதே வாரத்தில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்த எம் புரதத்தை வைத்துத் தடுப்பூசி செய்ய முடியாதா என்று படித்த இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். முயன்றார்கள். 1960களில் அமெரிக்காவில் எம் புரதத் தடுப்பூசியை, ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளின் உடன்பிறந்தவர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் சிலருக்கே ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. தடுப்பூசிதான் காரணமா என்பது பெரிய விவாதமாயிற்று. 1979இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இத்தகைய தடுப்பூசிகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. இப்போது இதயத்தை ஒத்த பகுதிகளை விலக்கிவிட்டு, முப்பது வகைகளின் முனைகளை ஒன்றாகச் சேர்த்தும், எல்லா வகைக்கும் பொதுவான உட்பகுதியை எடுத்தும் முயன்று வருகிறார்கள். நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமியும் எச் காரணியைப் பிடிக்க ஒரு வெளிப்புரதம் வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தையே எடுத்துத் தடுப்பூசியில் சேர்த்து, 2013இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றுவிட்டார்கள். ஒளிந்துகொள்ளப் பயன்பட்ட கருவியையே ஆன்டிபாடிக்கு இலக்காக்கிவிட்டார்கள். ஸ்டிரெப்டோகாக்கஸுக்கு அப்படி ஒன்று இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

அதுவரை நமக்கு இருப்பது பெனிசிலின். சந்தோஷமான செய்தி என்னவென்றால், எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை வென்றுவிட்ட பிறகும், இந்தக் கிருமி பெனிசிலினிடம் இன்றும் தோற்கிறது. எம் புரதத்தின் எந்த வேடமும் பெனிசிலினிடம் செல்லாது. ஏனென்றால் பெனிசிலின் அடையாளம் பார்த்து அடிப்பதில்லை, கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம். மாத்திரை என்றால் பத்து நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மிச்ச மாத்திரையைத் தங்கைக்கு எடுத்து வைப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பத்து நாள் சாப்பிட வைக்க முடியாது என்று தெரிந்தால், ஒரே ஒரு பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு தடவை ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்ட பிள்ளைக்கோ அந்த ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு முறை, 21 நாள் கணக்கில், பல ஆண்டுகளுக்கு வேண்டும். 12 லட்சம் யூனிட். எடை குறைந்த சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது பத்து ஆண்டு அல்லது 25 வயது வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதற்கு மேலும், சிலருக்கு ஆயுள் முழுவதும். மருந்து தசையில் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கும். மூன்று வாரத்தில் அளவு இறங்கிவிடும். தேதி தள்ளிப்போனால் அந்த இடைவெளியில் கிருமிக்குக் கதவு திறந்துவிடும். ஊசி வலிக்கும், உண்மைதான். இடுப்பில் இரண்டு நாள் கனமாக இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்பார்கள். இவ்வளவு வலியையும் தாங்கிக்கொண்டு வரும் பிள்ளையை, நாம் மாநில எல்லைக் கோட்டைக் காட்டித் திருப்பி அனுப்புகிறோம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊர்க் குடும்பங்களின் வாழ்க்கை மலைக்கு மேலே கேரளத்திலும் கீழே தமிழகத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில். பிள்ளை கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும். கீழேயிருந்து தினமும் விடியற்காலையில் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டங்களுக்கு வருகிறார்கள்; இருட்டும்போது இறங்குகிறார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவது ஒரு மாநிலத்தில், ஊசி தேதி வருவது இன்னொரு மாநிலத்தில். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பிள்ளை, ஏழாம் வகுப்பு. மேலே இருக்கும்போது ருமாட்டிக் காய்ச்சல் என்று உறுதியாகி ஊசி தொடங்கியிருந்தார்கள். வால்வில் லேசான கசிவு மட்டும்தான் இருந்தது. பள்ளிக்காகக் கீழே பாட்டியிடம் அனுப்பினார்கள். அங்கே ஓரிடத்தில் வேறு மாநிலச் சீட்டு செல்லாது, எங்கள் மருத்துவர் புதிதாக எழுதினால்தான் போடுவோம் என்றார்கள். இன்னோரிடத்தில், பெனிசிலின் ஒவ்வாமை வந்தால் யார் பொறுப்பு என்று மறுத்தார்கள். மூன்றாவது இடத்தில் மருந்து இருப்பு இல்லை. பாட்டிக்குக் கூலி வேலை; ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். பிள்ளை நன்றாகத்தானே ஓடுகிறாள் என்று விட்டுவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் தொண்டை வலி வந்தது. அதற்கு அடுத்த கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளை மேலே வந்தபோது, தண்ணீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் தூக்கி வர முடியாமல் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். படுத்தால் மூச்சு வாங்கியது. கடைசியில் வால்வு மாற்ற வேண்டியதாயிற்று.

ஒவ்வாமை என்ற பயம் பொய்யல்ல. ஆனால் கடுமையான ஒவ்வாமை மிக அரிது. அதைச் சமாளிக்க அட்ரினலின் ஊசியும் பயிற்சியும் உள்ள அரசு மருத்துவமனைகள் இரு பக்கமும் இருக்கின்றன. ஏற்கெனவே பல முறை போட்டுப் பழகிய பிள்ளைக்கு மறுப்பது எந்த வகையில் நியாயம்? வால்வு நோய் முற்றி இதயம் மிகவும் பலவீனப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமா என்று முடிவு செய்வது இதய மருத்துவரின் வேலை. சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது யாருடைய வேலையும் அல்ல.

வால்வு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, சென்னை டி.டி.கே. நிறுவனம் தயாரித்து வருவது, எத்தனையோ ஏழைகளுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. தமிழகமும் கேரளமும் சேர்ந்து செய்த அந்த வேலையை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் உலோக வால்வு வைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று அடிக்கடி இரத்தம் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. கல்யாணம், பிள்ளைப்பேறு என்று ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணுக்கு மருத்துவரைக் கேட்டு எடுக்க வேண்டிய முடிவாகிவிடும். அந்தச் சோதனைக்காக என் முன்னால் கை நீட்டிய இளம் பெண்களில் எத்தனையோ பேருக்கு, சிறுவயதில் தேதி தவறாமல் ஊசி போட்டிருந்தால் இந்தக் கட்டாயமே வந்திருக்காது.

2018 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு ருமாட்டிக் காய்ச்சலையும் அதனால் வரும் இதய நோயையும் தடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. உலகில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த இதய நோயோடு வாழ்கிறார்கள். பெரும்பாலானோர் நம்மைப் போன்ற நாடுகளின் ஏழைகள். தீர்மானங்கள் குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கும் பிள்ளையின் பைக்குள் வந்து சேர வேண்டும். இடுக்கி மாவட்டச் சுகாதாரத் துறையும் தேனி மாவட்டச் சுகாதாரத் துறையும் உட்கார்ந்து பேசினால், ஓர் அட்டை அச்சடிப்பது கடினமா? பிள்ளையின் பெயர், நோயின் பெயர், ஊசியின் அளவு, கடைசியாகப் போட்ட தேதி, அடுத்த தேதி. மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். எந்தப் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டினாலும் கேள்வி கேட்காமல் போட வேண்டும் என்று இரு அரசுகளின் ஓர் ஆணை. போலியோ சொட்டு மருந்தை செக்போஸ்ட்டிலேயே நின்று, எந்த மாநிலத்துக் குழந்தை என்று கேட்காமல் கொடுக்கிறார்களே, அதே மனதோடு இதையும் செய்யலாம். எல்லை ஓரத்து ஒவ்வொரு மருத்துவமனையிலும் இந்த ஊசி தீர்ந்துபோகாமல் இருப்பு வைக்க வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கட்டும். விலை அதிகமான மருந்து அல்ல இது.

தோட்டப் பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவும் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. இருமலில்லாத கடும் தொண்டை வலியோடு வரும் பிள்ளையை அன்றே மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூட்டு மாறி மாறி வீங்கும் பிள்ளையை விளையாட்டில் அடிபட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இணைப்பிதழின் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தொண்டை வலியில் எது ஆபத்தானது, எத்தனை நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மாத்திரையை ஏன் பத்து நாளும் சாப்பிட வேண்டும் என்பதை ஒரு குழந்தைகள் நல மருத்துவரைக் கொண்டு எழுதச் சொல்லி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் பள்ளிகள் திறப்பதற்கு முன்பாக அது வந்துவிட்டால், எங்கள் லயங்களில் கைமாறிக் கைமாறி எல்லாரும் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
வண்டிப்பெரியார், இடுக்கி மாவட்டம்.